எதை விட்டுவிட்டுப் போகிறோம்?

நீண்ட பயணத்துக்குத் திட்டம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். போக வேண்டிய இடங்களை எழுதுவது அரை மணி நேர வேலை. அதில் எதை அடிப்பது என்று முடிவு பண்ணத்தான் மாதக்கணக்காகும். நாள் இருந்தால் காசு இருக்காது. காசு இருந்தால் லீவு இருக்காது. மூன்று பேர் சேர்ந்து போவதாக இருந்தால் இதெல்லாம் மூன்று மடங்கு. இந்தக் கட்டுரை அப்படி ஒரு பட்டியலைப் பற்றியது. அதில் நாங்கள் அடித்த வரிகளைப் பற்றியது.

நாங்கள் மூன்று பேர். ஓர் இளைஞர் முகாமில் பாத்திரம் கழுவும் குழுவில் ஒன்றாக மாட்டியதில் தொடங்கிய நட்பு. ஒருவன் சிங்கப்பூரில் பொறியாளர், அவனைச் சிங்கப்பூர்க்காரன் என்றே சொல்கிறேன். இன்னொருவன் கிள்ளானில் மோட்டாரில் பார்சல் விநியோகம் செய்கிறவன், கிள்ளான்காரன். நான் அப்போது ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன், டிசம்பரில்தான் சேர வேண்டும். இந்த மாதிரி இடைவெளி வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்? இந்தியாவுக்குப் போவோம், காசி பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

முதல் திட்டத்தைப் போட்டது கிள்ளான்காரன்தான். அவன் பாட்டி சொல்லிக் கேட்ட வழி அது. நம் முன்னோர் காசி யாத்திரை என்றால் நேராகக் காசிக்குப் போக மாட்டார்கள். முதலில் இராமேஸ்வரம். அங்கே கடலாடி, சேது மணலைக் கொஞ்சம் முடிந்துகொள்வார்கள். அதைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணி சங்கமத்தில் கரைப்பார்கள். அங்கிருந்து கங்கை நீரை எடுத்துக்கொண்டு காசி, கயா பார்த்துவிட்டு, மறுபடியும் இராமேஸ்வரம் வந்து இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. யோசித்துப் பாருங்கள், இந்தத் திட்டத்தில் கடைசி ஊர் நீங்கள் ஏற்கெனவே பார்த்த ஊர். புதிதாகப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. கையில் இருப்பதைக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டுமே போகிறீர்கள்.

திருச்சிக்கு விமானம், அங்கிருந்து இராமேஸ்வரம், பிறகு வடக்கே ரயில், திரும்பவும் தெற்கே ரயில். மொத்தம் 21 நாள். தீபாவளியை வீட்டில் கொண்டாடிவிட்டுக் கிளம்புவது. அழகான திட்டம். ஒரு தாளில் அடங்கியது.

அதைக் கெடுத்தது நான்தான். "அவ்வளவு தூரம் போறோம், கேதார்நாத் பார்க்காம வரதா?" என்று மாமாக் கடையில் ஒரு நாள் ராத்திரி ஆரம்பித்தேன். கேதார்நாத் கோயில் ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. தீபாவளியை ஒட்டி நடை சாத்திவிடுவார்கள். குளிர்காலத்துக்கு சுவாமியே கீழே ஊக்கிமடத்துக்கு இறங்கிவிடுவார், சித்திரை வைகாசி வாக்கில்தான் மறுபடியும் மேலே. ஆக கேதாரம் பார்க்க வேண்டுமானால் தீபாவளிக்கு முன்பே கிளம்ப வேண்டும். சரி, அக்டோபர் முதல் வாரம் என்றோம். கேதாரம் வரை போய்ப் பத்ரிநாத்தை விடுவதா? அதையும் சேர்த்தோம். பிறகு சிங்கப்பூர்க்காரன் ஒரு வீடியோவைக் காட்டினான். தீபாவளி முடிந்து 15 நாள் கழித்து, கார்த்திகைப் பௌர்ணமியில் காசியில் தேவ தீபாவளி. படித்துறை முழுக்க அகல் விளக்கு. அதைப் பார்க்காமல் வருவது பாவம் என்று ஏகமனதாக முடிவானது. கேதாரத்துக்கும் காசிக்கும் நடுவில் இப்போது இரண்டு வாரத்துக்கு மேல் சும்மா கிடந்தது. அதை நிரப்ப அமிர்தசரஸ், ஜெய்ப்பூர், ஆக்ரா. கடைசியில் கல்கத்தா, தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், அங்கிருந்து விமானம் ஏறி வீடு. 46 நாள்.

இராமேஸ்வரத்துக்குத் திரும்பும் வழியை அடித்துவிட்டோம். பார்த்த ஊருக்கு எதற்கு மறுபடியும் இரண்டு மூன்று நாள் ரயில்?

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது கிள்ளான்காரன் என்ன சொன்னான்? எவ்வளவு யோசித்துப் பார்த்தாலும் ஒரே ஒரு வாக்கியம்தான் ஞாபகம் வருகிறது. "நீங்க போடுங்கடா, நான் ஓகே."

இந்திய ரயிலில் பொது முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கும். முதல் ரயிலுக்கு முன்பதிவு திறப்பதற்கு முந்தின ராத்திரி வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து செய்தி வந்தது. "சாரிடா, லீவு கிடைக்கல. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க." நான் ஒரு அழுகைப் பொம்மை அனுப்பினேன். சிங்கப்பூர்க்காரன் "சோ சேட்" என்று போட்டான். மறுநாள் காலையில் மூன்றுக்குப் பதிலாக இரண்டு படுக்கை பதிவு செய்தோம். உண்மையைச் சொன்னால், கீழ்ப் படுக்கை ஒன்று, நடுப் படுக்கை ஒன்று கிடைத்ததில் சந்தோஷம்தான் பட்டேன்.

அம்மாவிடம் சொன்னதும் அதே வேகத்தில்தான். அப்பா காலமாகி அப்போது 6 வருஷம். தங்கை கூச்சிங்கில் நர்ஸ், அந்தத் தீபாவளிக்கு அவளுக்கு டியூட்டி. "அம்மா, இந்தத் தடவை தீபாவளிக்கு நான் ரிஷிகேஷ்ல இருப்பேன், டிக்கெட் எடுத்தாச்சு" என்றேன். அம்மா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "பரவால்லய்யா, தீபாவளி வருஷா வருஷம் வருது" என்றார். நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

இனி பயணத்தைப் பற்றி. எல்லாவற்றையும் விவரித்தால் இதழ் தாங்காது. கேதார்நாத் கௌரிகுண்டத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் ஏற்றம். கோயில் இருப்பது 3,583 மீட்டரில், நம் கினபாலு உச்சியைவிட ஏறக்குறைய 500 மீட்டர்தான் குறைவு. 2013 ஜூன் வெள்ளம் அந்தப் பள்ளத்தாக்கை எப்படிப் புரட்டிப் போட்டது என்பதை வழியில் கிடக்கும் பாறைகளே சொல்லும். குதிரையிலும் டோலியிலும் போகிற வயதானவர்களைப் பார்த்தபோது, இந்த முட்டி இருக்கும்போதே வந்தது நல்லது என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த ஏற்றத்துக்காக நான் வருத்தப்படவில்லை.

மனசில் முள் குத்தியது பத்ரிநாத்தில். அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் மாணா என்று ஒரு கிராமம். பாண்டவர்கள் கடைசியாக நடந்துபோன பாதை இதுதான் என்று உள்ளூர்க்காரர்கள் காட்டுகிறார்கள். பீமன் போட்டதாகச் சொல்லும் கல்பாலம்கூட இருக்கிறது. அந்தக் கதை நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஐவரும் திரௌபதியும் இமயத்தில் ஏறுகிறார்கள், கூடவே ஒரு நாய். திரௌபதி விழுகிறாள். தம்பிகள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். தருமர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். கடைசியில் இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். தருமர் மாட்டேன் என்கிறார்.

சின்ன வயதில் சமய வகுப்பில் கேட்டபோதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பெண்டாட்டியையும் தம்பிகளையும் விட்டுவிட்டு நடந்த மனுஷனுக்கு நாய் மேல் மட்டும் என்ன அவ்வளவு பாசம்? இதே கேள்வியை இந்திரனும் கேட்கிறான். அதற்குத் தருமர் சொல்லும் பதிலை யாரும் வகுப்பில் அழுத்திச் சொல்வதில்லை. இறந்தவர்களை என்னால் எழுப்ப முடியாது, அதனால் விட்டேன், அவர்கள் உயிரோடு இருந்தபோது விடவில்லை என்கிறார். நாய் இன்னும் உயிரோடு, அவரை நம்பிக் கூடவே வந்துகொண்டிருக்கிறது. அதை விடுவது வேறு கணக்கு.

அந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத இடமும் ஒன்று உண்டு. ஒவ்வொருவர் விழும்போதும் பீமன் காரணம் கேட்கிறான், தருமர் நடந்துகொண்டே விழுந்தவரின் குறையைச் சொல்கிறார். இவளுக்கு அர்ஜுனன் மேல் தனிப் பிரியம், இவனுக்கு அறிவுச் செருக்கு, இவனுக்கு அழகுச் செருக்கு. மாணாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சிங்கப்பூர்க்காரன் சொன்னான்: "அவனுக்கு இதுல எல்லாம் இண்ட்ரெஸ்ட் கம்மிடா, அதான் வரல." நானும் தலையாட்டினேன். முதல் திட்டத்தையே போட்டவனுக்கு ஆர்வம் இல்லையாம்! விழுந்தவனின் குறையைச் சொல்வது நமக்கும் நன்றாகத்தான் வருகிறது.

பிரயாகையில் சேது மணலைக் கரைத்தோம். படகுக்காரர் இடத்தைக் காட்ட, நான் முடிச்சை அவிழ்த்தேன். கங்கை நீரை ஒரு சின்னச் செம்பில் எடுத்து வாயடைத்து வாங்கிக்கொண்டேன். இராமேஸ்வரம் போகப்போவதில்லை என்று தெரிந்தும் ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. காசியில் தேவ தீபாவளி வீடியோவில் பார்த்தது போலவே இருந்தது. நாங்களும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு கயா. அப்பாவுக்குப் பிண்டம் வைத்தேன். பல்குனி ஆற்றங்கரை, விஷ்ணு பாதம், கடைசியில் அட்சய வடம் என்கிற ஆலமரம். காசி, கயா போனவர்கள் தங்களுக்குப் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டல்லவா? அதற்கப்புறம் ஆயுசுக்கும் அதைச் சாப்பிடக்கூடாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிலும் யாராவது இப்படி விட்டிருப்பார்கள். மரத்தடியில் இருந்த புரோகிதருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "என்ன காய் விடறீங்க?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "பாகற்காய்" என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு என்னிடம், "தமிழ்க்காரங்க எல்லாம் பாவக்காதான் விடறாங்க. பாவக்கா அவ்வளவு புடிக்குமா?" என்று கேட்டார்.

நானும் சிரித்தேன். ராத்திரி கல்கத்தா ரயிலில்தான் சிரிப்பு நின்றது. சிங்கப்பூர்க்காரனிடம் கேட்டேன். "டேய், அவன் லீவு கிடைக்கலன்னு சொன்னானே. அவனுக்கு லீவு கொடுக்க யாருடா இருக்கா? அவன் சொந்த மோட்டார்ல ஓட்றான், ஓட்டினா காசு, ஓட்டலன்னா இல்ல. யார்கிட்ட லீவு கேட்டிருப்பான்?"

அவன் மேல் படுக்கையிலிருந்து கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "எனக்கு அப்பவே தெரியும். உனக்குத் தெரியாதா?" என்றான்.

எனக்கும் தெரியும். இதைத்தான் இந்தக் கட்டுரையில் ஒப்புக்கொள்ள வந்தேன். கணக்குப் போடத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். ஒரு நாளைக்குச் செலவு போக அவன் கையில் நிற்பது சுமார் 110 ரிங்கிட். 21 நாளில் வேலை நாள் 18 என்றால் அவன் இழப்பது 1,980. 46 நாளில் வேலை நாள் 40, ஆக 4,400. அதற்கு மேல் விமானம், ரயில், சாப்பாடு. முதல் திட்டத்துக்கு அவன் இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தான். எக்செல் தாளில் ஹோட்டல் வாடகைக்கு ஒரு கட்டம், இ-விசாவுக்கு ஒரு கட்டம், சாக்ஸ் வாங்குவதற்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. அவன் சம்பளத்துக்குக் கட்டம் இல்லை. தேவ தீபாவளி வரை நேரத்தைப் போக்க நாங்கள் போட்ட ஜெய்ப்பூரும் ஆக்ராவும் எங்களுக்குப் பொழுதுபோக்கு. அவனுக்கு ஒவ்வொரு நாளும் 110 ரிங்கிட்.

இப்போது நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான்: அப்படிப் பார்த்தால் யாருமே எங்கேயும் போக முடியாதே? குழுவில் காசு குறைந்தவனுக்கு ஏற்றபடி, வீட்டில் தனியாக இருக்கிறவருக்கு ஏற்றபடி என்று சுருக்கிக்கொண்டே வந்தால் பயணம் பத்துமலையோடு நின்றுவிடாதா? இளமையில் கிடைத்த ஒரு வாய்ப்பை அடுத்தவருக்காக விட்டுவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டும் மனிதர்களையும் நமக்குத் தெரியும். அவர்கள் செய்ததைத் தியாகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதுதான் தர்மம் என்று நான் சொல்ல வரவில்லை. யாரையுமே விடாத திட்டம் என்று ஒன்று கிடையாது. 46 நாளுக்குப் போவது என்று நாங்கள் முடிவு செய்ததே தப்பு என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. "நாங்க ரெண்டு பேரும் 46 நாள் போக ஆசைப்படறோம், உன்னால முடியாதுன்னு தெரியும், என்னடா பண்ணலாம்?" என்று நாங்கள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவன் திட்டியிருப்பான். அல்லது, "முதல் 3 வாரம் என் வழியில வாங்க, அப்புறம் நீங்க எங்கயாவது போங்க" என்று சொல்லியிருப்பான். இத்தனைக்கும் அது நல்ல யோசனை, எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அல்லது, போய் வாருங்கள் என்று மனசாரச் சொல்லியிருப்பான். எதுவானாலும் அது அவன் பதில். நாங்கள் வாயே திறக்காமல், ஒவ்வொரு ஊராகச் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் எங்களைக் காப்பாற்ற அவனை ஒரு பொய் சொல்ல வைத்தோம். லீவு கிடைக்கவில்லை என்கிற பொய். அதையும் நம்புவது போல நடித்தோம். அவனை விட்டதைவிட இது மோசம் என்று நினைக்கிறேன். அம்மாவிடமும் அதே கதைதான். டிக்கெட் எடுத்த பிறகு கேட்பதற்குப் பெயர் தகவல் சொல்வது.

தமிழில் கிளம்புவதற்கு "விடை பெறுதல்" என்கிறோம். விடை என்றால் பதில் என்றும் அர்த்தம். பதில் வேண்டுமானால் முதலில் ஒரு கேள்வி இருக்க வேண்டும், அதுவும் எதிரில் இருப்பவர் "வேண்டாம்" என்று சொல்ல இன்னும் இடம் இருக்கும்போது கேட்டிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் காசிக்குக் கிளம்புகிறவர் கடனை அடைத்து, உறவுக்காரர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்புவார் என்பார்கள். திரும்பி வருவது நிச்சயம் இல்லாத காலம், அதனால் செய்தார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது தோன்றுகிறது, அந்த வீடுகளில் ஏதாவது ஒன்றில் யாராவது ஒருவர் "இப்ப போகாதப்பா, மகளுக்குப் பேறு காலம்" என்று சொல்லியிருக்க மாட்டார்களா? சொன்னதைக் கேட்டு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா?

நாங்கள் அந்தப் பயணத்தில் விட்டது மூன்று. நண்பன், அம்மாவின் தீபாவளி, இராமேஸ்வரத்துக்குத் திரும்பும் வழி. மூன்றுமே எதிர்த்துப் பேசாதவை. கேதாரத்தையோ தேவ தீபாவளியையோ அடிக்க வேண்டி வந்திருந்தால் எங்களுக்கு வலித்திருக்கும். பாகற்காய் மாதிரி, வலிக்காததைப் பார்த்துத்தான் விட்டோம்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்துக் கிள்ளானுக்குப் போனேன். அவன் வேலை முடிந்து ராத்திரி 9 மணிக்குத்தான் வந்தான். தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். நான் நேராகவே சொன்னேன், லீவு விஷயம் எனக்கு அப்போதே தெரியும் என்று. அவன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஜெய்ப்பூர் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான். கோபமா, உண்மையிலேயே கேட்டானா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. சுமாராகத்தான் இருந்தது என்றேன். அதுவும் உண்மை.

செம்பு என் வீட்டுச் சாமி மேடையில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "இது எப்படா இராமேஸ்வரம் போகும்?" என்கிறார். இப்போது ஒரு புதிய தாள் எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை நாள் எத்தனை என்பதைத்தான் முதலில் எழுதினோம், அதை எழுதியது கிள்ளான்காரன்: 8. திருச்சிக்கு விமானம், இராமேஸ்வரம், திரும்பத் திருச்சி. சிங்கப்பூர்க்காரன் வருகிறேன் என்றிருக்கிறான். அம்மாவும் வருகிறார், இந்த முறை டிக்கெட்டுக்கு முன்னாலேயே கேட்டேன். கேட்டதன் பலன், 22 தீர்த்தத்திலும் ஈரச் சேலையோடு நடக்க முடியாது, முட்டி வலிக்கும், எனக்கு ஒரு நாள் கூடுதலாக வேண்டும் என்கிறார். கூடுதல் நாள் என்றால் கிள்ளான்காரனுக்கு இன்னொரு 110 ரிங்கிட். அதை அவனிடம் இன்னும் கேட்கவில்லை. நாளைக்கு ராத்திரி அவன் வேலை முடிந்ததும் கூப்பிட வேண்டும்.